சுருள் பார்டரில் பன்னிரண்டு காலிக் கட்டங்கள்

போன மாதம் ஒரு காலையில் தேன்மொழி போன் செய்தாள். ஆரணியில் நான் வேலை பார்த்த பட்டுச் சங்கத்தின் டிசைன் அறையில், முப்பது வருஷம் நான் கூன் போட்டு உட்கார்ந்திருந்த அதே ஜன்னலோரத்தில், இப்போது கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் அவள்.

"அம்மா, உங்க பழைய சுருள் பார்டர் கிராஃபை ஸ்கேன் பண்ணி ஏத்திட்டேன். ஒரே ஒரு இடத்துல பன்னண்டு கட்டம் அகலத்துக்குக் காலியா இருந்திச்சி. மை வெச்சவங்க மறந்துட்டாங்க போல. நிரப்பிட்டேன்."

மை வைத்தவள் நான்தான். மறந்துட்டாங்க போலவாம்!

"நிரப்பாதே" என்றேன்.

"ஏம்மா?"

"நிரப்பாதேன்னா நிரப்பாதே."

"சரிங்கம்மா" என்று வைத்துவிட்டாள். அந்தச் 'சரிங்கம்மா'வின் அர்த்தம் எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் அதே குரலில் 'சரிங்க சார்' சொன்னவள்தான். போனை வைத்த பிறகு எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது. ஏன் என்று கேட்டவளுக்கு ஏன் என்று சொல்லாமல் வாயை அடைத்துவிட்டேன். இதே காரியத்தை ஒருவர் எனக்குச் செய்து, அதனால் ஒரு நெசவாளியின் விரல் போகப் பார்த்தது. அந்தப் பன்னிரண்டு கட்டமும் அந்த விரலைப் பற்றியதுதான். போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் வந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நாங்கள் இருபது நாள் முதுகு ஒடிய நிரப்பியதை அது டீ ஆறுவதற்குள் நிரப்புகிறது. எங்கள் காலத்திலேயே வந்திருந்தால் என் மூக்குக்கண்ணாடி இவ்வளவு கனமாகியிருக்காது.

எங்கள் வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். பட்டுப் புடவையின் பார்டரில் ஒரு பூ வர வேண்டுமென்றால் அதை முதலில் கட்டம் போட்ட காகிதத்தில் வரைய வேண்டும். ஒரு கட்டம் என்றால் ஒரு இழை. ஜரிகை மேலே தெரிய வேண்டிய கட்டத்தில் சிவப்பு மை, மற்றதெல்லாம் வெள்ளை. அந்தக் காகிதத்தைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்துவார்கள். அட்டைகளைக் கோத்துத் தறியின் தலைமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால், ஓட்டை சொன்னபடி இழை எழும்பும், பூ விழும். நான் ஒரு கட்டத்தைத் தப்பாக நிரப்பினால் அந்தத் தப்பு சாணுக்கு ஒரு தடவை புடவை முழுக்க ஊர்வலம் போகும். அதனால்தான் 'மறந்துட்டாங்க போல' என்றதும் எனக்குச் சுருக்கென்றது.

நான் சேவூர்க்காரி. அப்பா மிஷன் பள்ளி வாத்தியார். டிராயிங் பரீட்சை இரண்டும் தேறி, எழுபதுகளின் நடுவில் சங்கத்தில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷம் பிறர் வரைந்ததற்குச் சிவப்பு மை நிரப்பியதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. அதைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

டிசைன் அறைக்குத் தலைவர் தட்சிணாமூர்த்தி சார். வேலூரில் சில வருஷம் ரேடியோ ரிப்பேர் செய்துவிட்டு, கை நன்றாக வரையும் என்பதால் இந்தப் பக்கம் வந்தவர். நாங்கள் வரைந்த கிராஃபை அவரிடம் நீட்டினால் அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்ப்பார். பிடித்திருந்தால் நேராகத் திருப்பி வைத்துவிட்டுப் போவார். பிடிக்காவிட்டால் தலைகீழாகவே கிடக்கும். நல்லா இருக்கு, நல்லா இல்லை என்ற பேச்சே அவர் வாயில் வராது. கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். சாதாரண நாளில் நான் 'கிரேஸு'. 'வாங்க கிரேஸம்மா' என்றார் என்றால் அன்றைக்கு நான் தொலைந்தேன் என்று அர்த்தம்.

அப்போது எங்களுக்கு ஒரு பேஜார். மாங்காய், அன்னம், ருத்ராட்சம், கோபுரம், மறுபடியும் மாங்காய். வேறு ஏதாவது போடுங்கள் என்று கடைக்காரர்கள் சங்கத்தை அரித்தார்கள். நாங்கள் மாங்காயை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டோம், அந்தப் பக்கம் திருப்பிப் போட்டோம். மாங்காய் மாங்காயாகவே இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் சார் வீட்டு வால்வு ரேடியோ உயிரை விட்டது. மரப்பெட்டி ரேடியோ, ஒரு ஆட்டுக்குட்டி கனம் இருக்கும். அதைப் போர்வையில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி, நேராக டிசைன் அறைக்கே கொண்டுவந்துவிட்டார். ரிப்பேர் செய்யப் போகிறார் என்று நினைத்தேன்.

"ரிப்பேருக்கு இல்ல. இதுக்குள்ள மாங்கா இருக்காது, அது நிச்சயம். வேற இன்னா இருக்குன்னு பாரு" என்றார்.

பின்பலகையைக் கழற்றியதும் நான் வாயைப் பிளந்துவிட்டேன். ஸ்டேஷன் மாற்றுகிற குமிழைத் திருகினால் உள்ளே அரைநிலா வடிவத்தில் அலுமினியத் தகடுகள், ஒன்றோடொன்று உரசாமல், ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து வெளியே வந்தன. விசிறி மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தது. இன்னொரு மூலையில் ஒரு கம்பிச் சுருள். நூல்கண்டைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றுவார்களே, அதே மாதிரி சுற்றி, நடுநடுவே தேன்கூட்டுக் கண் விட்டிருந்தது. வால்வின் உச்சியில், கண்ணாடிக்கு உள்பக்கம், வெள்ளிப் பூச்சு. விரல் நீளப் பொருள்களின் உடம்பில் சிவப்பு, மஞ்சள், ஊதா என்று வளையம் வளையமாகக் கோடு. டயல் முள்ளை இழுக்கிற நூல், சின்னச் சின்ன உருளைகளின் மேல் ஏறி இறங்கி, நம் தறிக்கயிறு போலவே ஓடியது. ஐயோ, இத்தனை நாளாக இதன்மேல் துணி விரித்து, பூ ஜாடி வைத்து, பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோமே என்று இருந்தது.

கையை நீட்டினேன். ஸ்கேலால் மணிக்கட்டில் ஒரு தட்டு.

"வாங்க கிரேஸம்மா. மொதல்ல ஒதுங்கி நில்லுங்க."

அன்றைக்கு அவர் காட்டிய முறையை, அதன்பின் திறந்த ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எழுத்துப் பிசகாமல் செய்தோம். பிளக்கைப் பிடுங்கியதோடு விடமாட்டார். ஒயரை இழுத்து, பிளக்கை எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி சுவர் ஆணியில் தொங்கவிடுவார். அது ஆணியில் தொங்கினால்தான் ஸ்குரூ டிரைவரையே எடுப்பார். பிறகு டீ. சும்மா குடிக்கிற டீ இல்லை. "கரண்டைப் புடுங்கிட்டா போயிடிச்சின்னு நெனப்பு. போவாது. கண்டன்சர்ல ஒளிஞ்சிகினு இருக்கும். அது கொஞ்சம் கொஞ்சமா வடியட்டும்" என்பார். டீ முடிந்ததும், ஒரு பல்பு ஹோல்டரில் இரண்டு ஒயர் மாட்டிய சாமான் ஒன்று வைத்திருந்தார், அதன் இரண்டு முனையையும், கரண்டைச் சேர்த்து வைக்கிற அந்தப் பெரிய கண்டன்சரின் இரண்டு காலிலும் வைப்பார். பல்பு ஒரு தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டு அணையும். மறுபடியும் வைப்பார். சிமிட்டாது. அப்புறம்தான் பெட்டி எங்களுடையது.

வாட்சைக் கழற்ற வேண்டும். கை ஈரமில்லாமல் இருக்க வேண்டும். ஒரு கைதான் உள்ளே போகலாம், வலது கை. இடது கை அவருக்குப் பேன்ட்டின் பின்பாக்கெட்டில்.

"ரெண்டு கையாலயும் தொட்டா, ஒரு கையில ஏறி நெஞ்சு வழியா மறு கையில எறங்கும். ஒரு கையின்னா உதறித் தள்ளிட்டு உட்டுடும்."

"எனக்குப் பாக்கெட் இல்லையே சார்?"

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "இடுப்புல செருகிக்க" என்றார். அன்றிலிருந்து முந்தானையோடு சேர்த்து இடது கையையும் இடுப்பில் செருகிக்கொள்வேன். இன்றைக்கும் வீட்டில் மிக்ஸி சுவிட்சைப் போடும்போது என் இடது கை தானாக இடுப்புக்குப் போகிறது. என் மருமகள் நடனமா என்று கேட்டுச் சிரிக்கிறாள்.

ஒரு திருகாணி கழற்றினால் முதலில் அது இருந்த இடத்தைப் படம் போட வேண்டும், அப்புறம்தான் அடுத்தது. மூடி முத்திரை வைத்த டப்பாவை அறுத்துப் பார்க்கக் கூடாது. கண்ணாடியை உடைக்கக் கூடாது. இப்படித்தான் நான்கைந்து வருஷத்தில் விசிறி பார்டர் வந்தது, தேன்கூட்டுக் கட்டம் வந்தது, வளையக் கோடு போட்ட முந்தி வந்தது. கடைகளில் அவற்றுக்கு வேறு வேறு பெயர் வைத்து விற்றார்கள். எங்களுக்குள் அதெல்லாம் ரேடியோ சரக்கு.

அந்தச் சரக்கையெல்லாம் முதலில் சாம்பிளாக நெய்து பார்ப்பவர் எத்திராஜ் அண்ணன். முள்ளிப்பட்டில் வீட்டுத் தறி. வெள்ளிக்கிழமை தோறும் அட்டை வாங்க வருவார். வந்தால் அட்டையை வாங்கிக்கொண்டு போகிற ஆள் இல்லை. பெட்டி திறந்திருந்தால் பக்கத்தில் குந்திக்கொண்டு, "இது இன்னாத்துக்கு? அது இன்னாத்துக்கு? இத்த எடுத்துட்டா பாட்டு நின்னுடுமா?" என்று நச்சரிப்பார். சாருக்கு அது பிடிக்கும். ஆனால் அவரை ஒரு பொருளையும் தொட விட்டதில்லை. நெசவாளி வேடிக்கை பார்க்க வருகிறவர், அவருக்கு எதற்கு முறையெல்லாம் என்று நாங்கள் அவரிடம் ஒன்றும் சொல்லவும் இல்லை.

எண்பதுகளில் ஆரணியில் டிவி வந்தது. மெட்ராஸ் படம் தெரிய வேண்டுமென்று வீட்டைவிட உயரமாக ஆன்டெனா நட்டார்கள். சங்கத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வீட்டில் கறுப்பு வெள்ளை டிவி கெட்டுப்போய், புதியது வாங்கிக்கொண்டு பழையதை எங்களிடம் தள்ளிவிட்டார்கள். விசித்திரமான கேடு அது. சத்தம் வரும், படம் வராது. திரை முழுக்க இருட்டு, நடுவில் மட்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே ஒரு வெள்ளைக் கோடு.

எனக்கு உள்ளே பார்க்கத் தாங்கவில்லை. சார் அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

"இத்தத் தொறக்காத" என்றார்.

"ஏன் சார்?"

"ரேடியோ வேற, டிவி வேற. தொடாதன்னா தொடாத."

"சரிங்க சார்."

அடுத்த வெள்ளிக்கிழமை சார் அட்டை விஷயமாகக் காஞ்சிபுரம் போயிருந்தார். எத்திராஜ் அண்ணன் வந்தார். டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சின்னப் பிள்ளைகள் தோற்றுப்போக வேண்டும்.

"ஒரு தபா போட்டுத்தான் காமியுங்களேன், கிரேஸம்மா."

போட்டேன். கோடு வந்தது. அவர் திரைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்தார். "ஊடை ஒண்ணு மட்டும் ஓடுது பாருங்க. பாவுல எங்கியோ இழை அறுந்துகினு கீது. அதான் துணி விழல" என்றார். ஊடை என்றால் குறுக்கே ஓடுகிற இழை, பாவு என்றால் நீளவாட்டு இழை. நான் சிரித்தேன். டிவிக்குள் எங்கே பாவு!

நான் முறை தவறவில்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டிருந்தேன். அணைத்தேன். பிளக்கைப் பிடுங்கி ஆணியில் தொங்கவிட்டேன். டீ வரவழைத்து இரண்டு பேரும் குடித்தோம். வாட்சைக் கழற்றினேன். பின்மூடியைக் கழற்றி, பெரிய கண்டன்சரில் பல்பை வைத்தேன். சிமிட்டியது. மறுபடி வைத்தேன், சிமிட்டவில்லை. கை துடைத்து, இடது கையை இடுப்பில் செருகிக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

பார்த்ததும் எனக்குச் சகலமும் மறந்துவிட்டது. திரைக்குப் பின்னால் நீண்டிருந்த பெரிய கண்ணாடிக் குடுவையின் கழுத்தில், தாமரை மொட்டைக் கவிழ்த்து வைத்தது போல, செப்புக் கம்பிச் சுருள். இழை இழையாக, ஒன்றின் மேல் ஒன்று படுத்து, வளைந்து, கழுத்தோரம் குறுகி, வாயோரம் விரிந்து. நூற்றுக்கணக்கான இழை, ஒன்றுகூடப் பிசகவில்லை. மாங்காய் பிறப்பதற்கு முன்னால் இருந்த மாங்காய் இதுதான் என்று தோன்றியது. பென்சிலை எடுத்தேன். குனிந்து வரைய ஆரம்பித்தேன்.

"தோ! நான் சொன்னேன் இல்ல? அறுந்துகினு கீது!"

தலை நிமிர்ந்தேன். சுருளின் ஓரத்தில் முடி மாதிரி ஒரு செப்பு இழை அறுந்து, நுனி நீட்டிக்கொண்டிருந்தது. எத்திராஜ் அண்ணனுடைய வலது ஆள்காட்டி விரலும் கட்டை விரலும் வாய்க்குப் போய் வந்தன. இதை நெசவு தெரியாதவர்களுக்கு எப்படிச் சொல்வது? அறுந்த இழையைக் கண்டால் எங்கள் ஊர் நெசவாளியின் கை அவனைக் கேட்டுக்கொண்டு நீளாது. எச்சில் தொட்டு, இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கி, பிணைத்துவிட்டுத்தான் நிற்கும். கண் சிமிட்டுகிற மாதிரி அது. அதுவும் ஒரு கையால் முடிகிற வேலையில்லை. இடது கையால் டிவியின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, எச்சில் விரலோடு, அறுந்த இழையின் மறுமுனையைத் தேடினார். குடுவையின் முதுகில் ஒரு ரப்பர் மூடி ஒட்டிக்கொண்டிருந்தது. மறுமுனை அதற்கடியில் போயிருக்குமோ என்று அதன் விளிம்பைத் தூக்கினார்.

சடார் என்று ஒரு சத்தம். அவர் கை சவுக்கடி பட்டது போல் பின்னால் பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் குடுவையின் மெல்லிய கழுத்தில் மோதி, அது முறிந்தது. புஸ்ஸென்று காற்று உள்ளே போகிற சத்தம். அப்புறம் என் படத்தின் மேல் ரத்தம் சொட்டியது. ஆள்காட்டி விரலின் நடுவில் கண்ணாடி குறுக்கே கிழித்திருந்தது.

முந்தானையைக் கிழித்துக் கட்டி, ரிக்ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தையல் போட்டார்கள். டாக்டர் விரல் நுனியில் ஊசியால் தொட்டுத் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டார். அண்ணன் தலையை ஆட்டினார், இல்லை என்று. மறுபடி தொட்டார். இல்லை.

"நரம்பு வெட்டுப்பட்டிருக்கு. உணர்ச்சி திரும்பி வரலாம். வராமலும் போகலாம். சில மாசம் பார்க்கணும்" என்றார் டாக்டர்.

பட்டு இழை கண்ணுக்குத் தெரிவது பாதி, விரலுக்குத் தெரிவது பாதி. அந்த விரல் செத்துப்போனால் பிணைக்க முடியாது. பிணைக்க முடியாவிட்டால் சன்னப் பட்டுத் தறியில் உட்கார முடியாது. நான் சொல்ல வேண்டியதில்லை, அவருக்கே தெரியும். ஆனால் அந்த மனுஷன் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு முதலில் கேட்டது இதைத்தான்: "பிளக்குதான் ஆணியில தொங்கிகினு இருந்திச்சே. அப்புறம் எங்க ஒளிஞ்சிகினு இருந்திச்சி அது?"

அவர் மனைவி மங்கை ஓடி வந்தாள். கட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "உங்க ரேடியோ பூவுக்கு என் வூட்டுக்காரரு விரலுதான் கெடச்சிதா?" என்றாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதேன்.

மறுநாள் சார் வந்தார். 'வாங்க கிரேஸம்மா' வரும் என்று காத்து நின்றேன். வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "மொதல்லருந்து சொல்லு" என்றார். சொன்னேன். "இன்னொரு தபா." சொன்னேன். மூன்றாம் தடவை சொல்லும்போது, பல்பு வைத்த இடத்தில் நிறுத்தினார்.

"அந்த ரப்பர் மூடிக்கு வெச்சியா?"

"அதுக்கு வைக்கணும்னு தெரியாது சார்."

அவர் முகம் தொங்கிப்போனது. எழுந்து போய் அந்த உடைந்த டிவியைத் தூக்கி மேஜைமேல் வைத்து, என்னைக் கூப்பிட்டார். டிவிக் குடுவை தானே ஒரு கண்டன்சர் மாதிரி என்றார். ரேடியோவில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகக் கரண்ட் அந்த ரப்பர் மூடிக்கு அடியில் போய் நிற்கும், பிளக்கைப் பிடுங்கி நாள் கணக்கானாலும் அங்கேயே உட்கார்ந்திருக்கும், டீ குடித்தால் வடியாது. நீளமான ஸ்குரூ டிரைவரில் ஒயர் கட்டி, ஒயரின் மறுமுனையைச் சட்டத்தில் மாட்டிவிட்டு, ரப்பருக்கு அடியில் நுழைத்துக் கரண்டை இறக்க வேண்டும். இறக்கிவிட்டு, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடியும் இறக்க வேண்டும். மிச்சம் மீதி மறுபடி ஊறும். எல்லாவற்றையும் செய்து காட்டினார். நாங்கள் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய பாடம்.

"எனக்கு எல்லாம் தெரியும். வேலூர்ல நானே ஒரு தபா வாங்கியிருக்கேன்" என்றார். "தொடாதன்னு சொன்னேன். ஏன்னு சொல்லல. பேஜாரு, இன்னாத்துக்கு வெளக்கிகினுன்னு உட்டுட்டேன். உள்ள இன்னா இருக்குன்னு பார்க்கறதையே பொழைப்பா வெச்சிருக்கறவங்ககிட்ட போயி தொடாதன்னு சொன்னா தொடாம இருப்பாங்களா? நான் இருப்பனா?"

அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "அவன் சொன்னது சரி கிரேஸு. கோடு மட்டும் வந்ததுக்கு அந்த அறுந்த இழைதான் காரணம்."

எத்திராஜ் விரல் என்னவாகிறது என்று தெரிகிற வரைக்கும் இந்த அறையில் எந்தப் பெட்டியையும் திறப்பதில்லை என்று முடிவு செய்தார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அதற்குப் பதிலாக, ரத்தம் பட்ட என் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். நேராகத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

அதற்குமேல் நான் என்ன செய்வது? செப்புச் சுருளை பார்டராக வரைந்தேன். இழை இழையாக, ஒரு மாசம். முடிக்கிற சமயத்தில் எத்திராஜ் அண்ணன் தையல் பிரித்த விரலோடு வந்தார். விரல் மடங்கியது, நீண்டது, நுனியில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. கிராஃபைக் குனிந்து பார்த்தார்.

"ஓரத்துல ஒரு இழை அறுந்திருந்திச்சே. இதுல ஒட்டிட்டு கீறீங்களே?"

"அண்ணா, டிசைன்ல அறுந்ததை எதுக்குப் போடுறது?"

"ஒட்டப் போயித்தான் இந்தக் கதி. அங்க ஒட்டாதீங்க. அறுந்தது அறுந்தபடி இருக்கட்டும்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எனக்கு அது வேணும். இன்னாத்துக்குன்னு அப்பால சொல்றேன்" என்றார்.

நிரப்பியிருந்த சிவப்பைப் பிளேடால் சுரண்டினேன். அறுந்த இழையின் நுனியில், ஒரு பயறு அளவுக்கு இடம் வெள்ளையானது. அகலவாட்டில் பன்னிரண்டு கட்டம்.

அந்த அட்டையை, நான்தான் நெய்வேன் என்று அவர் வாங்கிக்கொண்டு போனார். ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகிற நாடாவை அவர் ஓட்டினார், இழை அறுந்தால் மங்கை வந்து பிணைத்தாள். அவளுக்கு ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிற வேலை, அடுப்பு வேலை, அதன்மேல் இதுவும். பொழுதுக்கு நான்கு முழம் போக வேண்டிய தறி ஒரு முழம்கூடப் போகவில்லை. நான் சனிக்கிழமை தோறும் பஸ் பிடித்து முள்ளிப்பட்டுக்குப் போவேன். அண்ணன் வாங்க என்பார். மங்கை என் பக்கம் திரும்ப மாட்டாள். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. கேட்காதது நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டு தறிக்குழி ஓரமாக உட்காருவேன்.

அங்கேதான் அந்த வெள்ளை இடம் அவருக்கு எதற்கென்று எனக்குப் புரிந்தது. ஜரிகை போன இடம் விரலுக்கு மேடாகத் தட்டும். ஜரிகை விட்ட இடம் வழவழவென்று பட்டாக இருக்கும். அண்ணன் தினம் தறியை விட்டு எழுவதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, செத்த விரலின் நுனியை, அன்றைக்கு நெய்த பார்டரின் மேல் மெதுவாக நகர்த்துவார். ஜரிகை விட்ட இடம் வந்ததும் நிறுத்த வேண்டும். அதற்காகத்தான் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். விரல் அந்த இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். கண்ணைத் திறந்து பார்ப்பார், எழுந்துவிடுவார். ஒரு மாசம், இரண்டு மாசம். முதல் பாவு முடிந்து இரண்டாவது பாவு ஏறியது. மூன்றாம் மாசமும் விரல் தாண்டித்தான் போனது. நான் பஸ்ஸில் திரும்பும்போது, ஆண்டவரே இன்னொரு சனிக்கிழமைக்கு எனக்குத் தெம்பில்லை என்று ஜெபம் செய்திருக்கிறேன்.

நான்காம் மாசத்தில் ஒரு சனிக்கிழமை, அண்ணன் கண்ணை மூடினார், விரலை நகர்த்தினார். நகர்ந்த விரல் நின்றது.

"தோ" என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். விரல் நுனிக்கு அடியில் ஜரிகை இல்லாத இடம்.

ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்த மங்கை எழுந்து வந்தாள். "சும்மா குருட்டாம்போக்குல நின்னிருக்கும். கண்ணைத் தொறந்துகினு பாக்கற நீ" என்றாள். ஒரு கையால் அவர் கண்ணிரண்டையும் அழுத்திப் பொத்தினாள். மறு கையால் அவர் விரலைப் பிடித்து, பார்டரில் வேறொரு இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். "இப்போ போ."

விரல் போனது. மெதுவாக, மிக மெதுவாக. ஒரு சாண் தூரம் போயிருக்கும். நின்றது. கொஞ்சம் பின்னால் வந்தது. மறுபடி நின்றது.

"இங்க வழவழன்னு கீது" என்றார்.

அங்கேதான் இருந்தது.

மங்கை அவர் கண்ணிலிருந்து கையை எடுத்தாள். அவள் உள்ளங்கை நனைந்திருந்தது. அதைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நான்கு மாசத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"குந்துங்க கிரேஸம்மா. டீ போடுறேன், குடிச்சிட்டுப் போங்க."

திங்கட்கிழமை சாரிடம் சொன்னேன். அவர் சுவர் ஆணியைத் துடைத்தார். போர்வையில் சுற்றி வைத்திருந்த ஒரு பழைய ரேடியோவை மேஜைமேல் வைத்தார். "எத்திராஜுக்கு ஆள் அனுப்பு. அவன் வந்தப்புறம் தொறக்கலாம். அவனுக்கும் மொதல்லருந்து எல்லாத்தையும் சொல்லணும், ஏன்னும் சொல்லணும்" என்றார்.

அண்ணன் அதற்குப் பிறகும் பல வருஷம் நெய்தார். விரல் நுனி முழுசாக வரவில்லை, குளிர் நாளில் மரத்துப்போகும். ஆனால் இழை தெரிந்தது, அது போதும் என்பார்.

தேன்மொழி, நீ கேட்டதற்கு இதுதான் பதில். அந்தப் பன்னிரண்டு கட்டம் ஒரு மனுஷனுடைய விரல் திரும்பி வந்து நின்ற இடம். இப்போது உனக்கும் தெரியும். நிரப்புவதும் விடுவதும் இனி உன் இஷ்டம்.